கேள்வியை எண்ணுகிறவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் பதில்

போன மாதம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் முடிந்து, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எம்.பி.க்களுக்கு யாரோ மார்க் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்வி இத்தனை, பேசிய விவாதம் இத்தனை, ஆகவே ரேங்க் இத்தனையாவது.

"பாருங்க சார், இதான் நியாயமான கணக்கு. முந்நூறு கேள்வி கேட்டவரு வேலை செஞ்சவரு. முப்பது கேட்டவரு தூங்கினவரு. முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றார்.

என் பஸ் வந்துவிட்டதால் நான் ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டேன். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. அவர் பேப்பர் திருத்தியவர். நான் அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியவன். அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எல்.ஏ.க்யூ. என்ற மூன்றெழுத்து தெரிந்திருக்கும். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கொடுக்கும் கேள்வி, தலைமைச் செயலகத்தில் தொடங்கி, துறைத் தலைமைக்கு வந்து, மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் ஏதோ ஒரு செக்‌ஷனில் ஏதோ ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு வந்து சேரும். மேலே சிவப்பு மையில் 'அதி அவசரம்' என்று இருக்கும். மற்ற தபால்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிடும். மாலைக்குள் பதில் போயாக வேண்டும்.

அந்த அவசரம் உண்மையைத் தேடுவதற்கான அவசரம் என்று நினைத்துவிடாதீர்கள். பதில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கான அவசரம் அது. எனக்கு முதல் எல்.ஏ.க்யூ. வந்தபோது தலைமை எழுத்தர் பழைய கோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதுப்பா, நாலே வாக்கியந்தான் உலகத்துல இருக்கு" என்றார். 'பரிசீலனையில் உள்ளது.' 'நிதி நிலைமைக்கேற்ப ஆவன செய்யப்படும்.' 'அத்தகைய கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை.' 'இவ்வினா எழவில்லை.' இந்த நான்கையும் வைத்துக்கொண்டு என் பணிக்காலத்தில் எத்தனை கேள்விகளுக்குப் பதில் எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அதில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. 1980-களின் தொடக்கம் அது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. கல்வராயன் மலையில் ஒரு குக்கிராமத்துக்குப் பாதை இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது போடப்படும் என்று ஒரு கேள்வி வந்தது. அந்த ஊரை நான் அறிவேன். ஒரு விசாரணைக்காக நடந்து போயிருந்தேன். மரம் வெட்டி இறக்குவதற்காக எப்போதோ போட்ட ஒரு தடம் இருந்தது. மழைக்காலத்தில் அதில் ஓடையும் கல்லுந்தான் மிச்சம். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித்தான் கீழே தூக்கி வர வேண்டும். நான் வரைவில் அதை அப்படியே எழுதினேன். கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தபோது என் வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. 'ஜீப் செல்லக்கூடிய பாதை உள்ளது' என்று எழுதி, 'மேம்பாடு பரிசீலனையில் உள்ளது' என்று சேர்த்திருந்தார்கள். சுத்தப் பிரதி எடுத்தது என் கைதான். கையெழுத்து மேலே இருந்தவருடையது.

கேள்வி கேட்ட உறுப்பினர் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டார். துணைக் கேள்வி ஏதும் எங்களுக்கு வரவில்லை. கோப்பு முடிக்கப்பட்டு ரெக்கார்டு அறைக்குப் போனது. சில மாதம் கழித்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு வந்தவர் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். "சாமி, நம்ம ரோட்டப் பத்தி சட்டசபையில கேட்டாங்களாமே, என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "பரிசீலனையில இருக்குங்க" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் உறுத்துகிறது.

தலைமை ஆசிரியர் ஐயா, உங்கள் கணக்கில் அந்த உறுப்பினருக்கு ஒரு கேள்விக்கு ஒரு மார்க். எங்களுக்கும் ஒரு எல்.ஏ.க்யூ. உரிய காலத்தில் பைசல். மலைக்காரருக்கு என்ன மார்க்?

இனி நான் வேறு ஊருக்கும் வேறு காலத்துக்கும் போகிறேன். காரணம் இருக்கிறது. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். தகப்பனார் காலமான பிறகு தாயாரோடு இந்தப் பக்கம் வந்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதித் தேறி, அரசு வேலைக்கு வந்தேன். அந்தப் பள்ளியில் பாரீஸ் மன்றத்தைப் பற்றி நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் சின்ன ஊருக்கு அந்த மன்றத்தில் ஒரு நாற்காலி இருந்தது என்பதில் எங்களுக்குப் பெருமை. 1871 முதல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து ஓர் உறுப்பினர் பாரீஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைக்குத் தேர்வானவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஓட்டுப் பெட்டியில் சீட்டை உண்மையில் போட்டது யார் என்பது தனிக் கதை, புதுச்சேரிப் பெரியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மேற்கே, தென்னாற்காட்டில் இருந்த கள்ளக்குறிச்சிக்கு லண்டன் மன்றத்தில் அப்படி ஒரு நாற்காலி கிடையாது. ஆனால் நாற்காலி இல்லாத அந்தச் சீமைக்காக ஒருவர் லண்டனில் பேசினார். பேரன் லண்டன் மன்றத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளான ஹான்சார்டைக் கணினியில் காட்டிக் கொடுத்தான். உறுப்பினர் பெயரைத் தட்டினால் அவர் பேசியதெல்லாம் ஆண்டுவாரியாக வரிசையில் வந்து நிற்கிறது. அந்த வரிசையில்தான் டான்பி சீமோர் என்ற பெயரைத் தேடினேன்.

ஹென்றி டான்பி சீமோர் பூல் என்ற துறைமுகத் தொகுதியின் உறுப்பினர். 1850 முதல் 1868 வரை மன்றத்தில் இருந்தார். விக்டோரியா மகாராணி காலத்தின் பெரும் பேச்சாளர்கள் பட்டியலில் அவர் பெயர் வராது. கிளாட்ஸ்டன், டிஸ்ரேலி, பிரைட் என்று அடுக்குவார்கள், அதோடு நிறுத்துவார்கள். ஆனால் 1853-ல் அவர் மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்.

அவரை வரவேற்று உள்நாட்டுக்கு அழைத்துப் போனவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். சென்னை வணிகர். 1844-ல் 'கிரெசண்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். 1852-ல் சென்னை மக்கள் சங்கத்தை அமைத்து, கம்பெனி ஆட்சியின் குறைகளை எழுதி லண்டன் மன்றத்துக்கு மனு அனுப்பியவர். மனு மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்த உறுப்பினருக்கு விருந்து வைத்துத் திருப்பி அனுப்பாமல், ரயத்துகளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே சீமோர் கேட்டது என்ன? நிலவரி கட்ட முடியாதவர்களைத் தாசில் சேவகர்கள் வதைத்துப் பணம் பிடுங்குகிறார்கள் என்பது. இரண்டு பெயர்கள் ஆங்கில ஆவணங்களிலும் தமிழாகவே ஏறியிருக்கின்றன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையையோ காலையோ வைத்து நெருக்குவது. மற்றது அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் கால் கட்டை விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் விடுவது. வரி கேட்பவரும் போலீஸ்காரரும் அன்று ஒரே ஆள் என்பதால் முறையிட வேறு வாசல் இல்லை.

1854 ஜூலையில் லண்டன் மக்கள் மன்றத்தில் பிளாக்கெட் என்ற உறுப்பினர் சென்னை மாகாண நிலவரி பற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். சீமோர் தான் நேரில் கேட்டறிந்ததைச் சொன்னார். கம்பெனித் தரப்பில் பேசியவர்கள் நம்ப மறுத்தார்கள். ஆனால் வழக்கமான மறுப்போடு அன்று விஷயம் முடியவில்லை, ஏனென்றால் பேசியவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். விசாரணைக்கு அரசு இணங்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1,959 புகார்கள் வந்தன. அவற்றில் 519 பேர் நேரில் வந்து நின்று சொன்னார்கள், மீதி கடிதங்கள். ரயில் இல்லாத காலம். கைப்பணத்தைச் செலவழித்து, திரும்பிப் போனதும் அதே தாசில் சேவகனின் முகத்தில் விழிக்க வேண்டும் என்று தெரிந்தே வந்தவர்கள். 1855-ல் குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலில் சித்திரவதை நடக்கிறது என்பது உண்மைதான் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து எழுதினார். 1859-ல் சென்னை மாகாணத்தில் போலீசைத் தனியாக அமைக்கும் சட்டம் வந்தது. வரி கேட்பவன் வேறு, போலீஸ்காரன் வேறு என்று ஆனது.

சீமோரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 1855-ல் அவரே இந்திய விவகாரங்களைக் கவனித்த அரசுத் துறையில் பதவி ஏற்று, கேள்வி கேட்கும் பெஞ்சிலிருந்து பதில் சொல்லும் பெஞ்சுக்குப் போனார். அறிக்கையும் பழியை எல்லாம் கீழ்நிலைச் சுதேசி ஊழியர்கள் தலையில் போட்டு, மேலே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களைத் தப்ப விட்டது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விஷயத்தில் சீமோருக்குத் தொகுதியில் ஒரு ஓட்டுகூடக் கிடைத்திருக்காது. பூல் துறைமுகத்துக்காரர்களுக்குத் தென்னாற்காட்டு ரயத்து யார்? அவர் பெயருக்கு எதிரே எத்தனை பேச்சு என்று எண்ணினால் அந்த ஜூலை மாதப் பேச்சு ஒன்று என்று விழும். அதே ஒன்றுதான் 1,959 பேரின் வாயைத் திறந்தது.

"அப்படியானால் அடிக்கடி பேசுவது வீணா?" என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. ஹென்றி ஃபாசெட் என்று ஒருவர். இருபத்தைந்து வயதில், 1858-ல், வேட்டைக்குப் போன இடத்தில் தகப்பனாரின் துப்பாக்கியிலிருந்து சிதறிய ரவை பட்டு இரண்டு கண்ணும் போனது. 1865-ல் மன்றத்துக்கு வந்தார். இந்தியாவைக் கண்ணால் பார்க்க அவருக்கு வழியில்லை. கணக்கைக் காதால் கேட்டார். 1867-ல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் நடந்த நடன விருந்தின் செலவை இந்திய வருவாயில் எழுதினார்கள். லண்டன்காரர்கள் ஆடியதற்கு நம் ரயத்து ஏன் கொடுக்க வேண்டும் என்று எதிர்த்தார். இந்திய வரவு செலவை மன்றக் கூட்டத் தொடரின் கடைசியில், உறுப்பினர்கள் ஊருக்குப் புறப்பட்ட பிறகு, காலி பெஞ்சுகளின் முன்னால் எடுப்பது வழக்கம். அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்து அவர் ஆண்டுதோறும் பேசினார். 1871-ல் இந்திய நிதியை ஆராயத் தேர்வுக் குழு அமைந்ததில் அவருக்குப் பங்குண்டு. 1874-ல் பிரைட்டன் தொகுதியில் தோற்றபோது, அடுத்த தேர்தல் செலவுக்குக் கல்கத்தாவில் நம்மவர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அவரும் எண்ணிக்கையில் நிறையப் பேசியவர்தான். ஆனால் ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினார். நூறு விஷயத்தை நூறு முறை தொட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ரேங்க் பட்டியலில் தெரியாது.

பேசி ஜெயித்தாலும் போதாது என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. தாதாபாய் நௌரோஜி 1892-ல் லண்டன் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் சேர்த்து நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893-ல் அவர் ஆதரித்துப் பேசி மன்றத்தில் நிறைவேறியது. அரசு அதைச் செயல்படுத்தவில்லை. இந்தியாவில் அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது 1922-ல். நௌரோஜி 1917-லேயே காலமாகிவிட்டார். ஒரு முழு மன்றத்தின் தீர்மானத்தையே பரிசீலனையில் வைக்க முடியும் என்று லண்டன் குமாஸ்தாக்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியிட்டு வாய்மொழிப் பதிலுக்கு வருகின்றன. அதிலும் பல நாட்களில் எல்லாவற்றுக்கும் நேரம் எட்டுவதில்லை. 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். எழுத்துப் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது. 'பாதை உள்ளது' என்று எழுதிக் கொடுத்தால் அதோடு சரி. இந்த எழுத்துப் பதில்களும் சேர்ந்துதான் வாட்ஸ்அப்பில் மார்க்காக வருகின்றன. தேதியையும் மாநிலத்தின் பெயரையும் மாற்றி ஒரே கேள்வியைப் பத்தாக்குவது ஒரு உதவியாளருக்கு அரை மணி நேர வேலை.

கேள்வியே கேட்காதவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சம்பளமும் படியும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காதவரை மன்னிக்க வேண்டியதில்லை. எண்ணுகிறவர்கள் தொடங்கிய இடம் சரி, நின்ற இடம் தவறு என்கிறேன். எண்ணத்தான் வேண்டும் என்றால் இன்னொன்றை எண்ணுங்கள். மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் சொன்னால், அந்தக் குழு அதை ஓர் உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது வழக்கம். நம் சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. நான் கேள்வியைப் புதைக்க எழுதிய வாக்கியம் சட்டப்படி ஒரு வாக்குறுதி என்பது எனக்கே ஓய்வுபெற்ற பிறகுதான் புரிந்தது. நம் உறுப்பினர் வாங்கிய உறுதிமொழி எத்தனை, அதில் நிறைவேறியது எத்தனை, நிறைவேறாததை மறுபடி எழுப்பினாரா என்று யாராவது மார்க் போட்டிருக்கிறார்களா?

கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். நாடு 1950-ல் குடியரசாயிற்று. மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்தக் கால் நூற்றாண்டில் சென்னையிலும் டெல்லியிலும் எத்தனை ஆயிரம் பேச்சுகள்! 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோதும் பேச்சுக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு மலைமக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதை நீதிபதிகள் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? கேட்க வேண்டியவர்கள் கேட்காததால் மட்டுமில்லை. கேட்டதற்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பதிலை அவர்கள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டதாலும்தான்.

கடைசியாக, இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. சீமோர் வந்தது பெரிதா, செட்டியார் அழைத்துப் போனது பெரிதா என்று கேட்டால் நான் செட்டியார் பக்கம். உறுப்பினர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். எந்தத் தடம் மழையில் அறுந்துபோகும், எந்தப் பதில் பொய், எந்தக் கோப்பு எங்கே முடங்கும் என்பது வருவாய்த் துறையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்த நமக்குத்தான் தெரியும். நாம் மார்க் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம்.

நானும் தலைமை ஆசிரியரும் அடுத்த மாதம் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போகிறோம். அவர் சம்மதித்துவிட்டார், மலையில் காபி நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான்கு ஊர்ப் பெயர், ஒவ்வொன்றுக்கும் பாதையின் நிலைமை, மழையில் எத்தனை நாள் துண்டிக்கப்படுகிறது, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு எழுதி வரப் போகிறோம். அதைக் கேள்வியாக எழுதி நம் எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் கொடுப்போம். 'ஜீப் செல்லக்கூடிய பாதை உள்ளது' என்று பதில் வந்தால் என்ன துணைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் அடியில் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பதிலை எழுதியவன் அல்லவா நான்.

அந்த நான்கு ஊர்களில் முதல் ஊர் எது என்று சொல்லத் தேவையில்லை. கடுக்காய் மூட்டையோடு வந்த பெரியவர் இன்று இருக்க மாட்டார். பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் நாற்பது வருடம் தாமதமான ஒரு பதிலை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.